பணத்தைக் கட்டிவிட்டால் ஜெயில் இல்லையா? கோத்தகிரித் தம்பியின் கேள்விக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது. சிங்கப்பூர் மினிமார்ட்டில் உங்களோடு கல்லாவில் நின்ற கோத்தகிரிப் பையன் ஏழு மாதத்தில் 11,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுத்துவிட்டான். அடுத்த மாதம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அவன் அப்பா அரை ஏக்கர் தேயிலையை விற்றுப் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். கட்டினால் விட்டுவிடுவார்களா? கட்டாவிட்டால் என்ன ஆகும்? பேங்க் சீட்டில் கையெழுத்துப் போட்ட உங்கள் தலையிலும் விழுமா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: விடமாட்டார்கள். நம் மலையில் நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்ததும் முதலாளி "போகட்டும்" என்றால் முடிந்துவிடுவது உண்டு. இங்கே சிங்கப்பூரில் போலீசுக்குப் போன பிறகு வழக்கு முதலாளி கையில் இல்லை, அரசுத் தரப்பின் கையில். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்குத் தண்டனைச் சட்டத்தில் 408 என்று தனிப் பிரிவே உண்டு: 15 ஆண்டு வரை சிறை, அபராதமும் சேரலாம். சாதாரண நம்பிக்கை மோசடிக்கு, அதாவது 406-க்கு, 7 ஆண்டு வரைதான். நம்பிக் கல்லாவில் நிறுத்தினார்கள் என்பதால்தான் இந்த இரட்டிப்பு. 15 என்பது உச்சவரம்பு. எவ்வளவு எடுத்தான், எத்தனை மாதம் எடுத்தான், கணக்கைத் திருத்தினானா, எவ்வளவு திருப்பிக் கொடுத்தான் என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு காலம் சிறை என்பது முடிவாகும்.

இழப்பீடு இந்தச் சிறைக்குப் பதிலாக வருவதில்லை, அதோடு சேர்ந்து வருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 359-ஆம் பிரிவின்படி, தண்டிக்கும்போதே இழப்பீடு போடலாமா என்று நீதிபதி யோசித்தாக வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு, போடவில்லை என்றால் காரணமும் சொல்ல வேண்டும். பலரும் அபராதத்தையும் இழப்பீட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது, இழப்பீடு கடைக்காரருக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்தே வரலாம்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது இந்த இடம்தான். தீர்ப்புக்கு முன் தானாகக் கட்டும் பணம் தண்டனையைக் குறைக்க உதவும். வருந்துகிறான், நஷ்டம் அடைபட்டது என்று வக்கீல் எடுத்துச் சொல்லலாம். தீர்ப்பு வந்த பிறகு கட்டினால் அது வெறும் உத்தரவுக்குக் கீழ்ப்படிதல், சிறைக்காலம் ஒரு நாளும் குறையாது. ஆகவே கட்டுவதாக இருந்தால் தீர்ப்பு நாளுக்கு முன். முழுத்தொகை இல்லாவிட்டால் முடிந்த அளவு. முதலாளி கையில் ரொக்கமாக வேண்டவே வேண்டாம். வக்கீல் வழியாகவோ பேங்க் மாற்றாகவோ போகட்டும். எந்த வழக்குக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுத்தில் ரசீது வாங்குங்கள். எடைச்சீட்டு இல்லாமல் ஃபேக்டரியில் இலைக்குக் காசு கேட்க முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

தொகையையும் சரிபாருங்கள். குற்றச்சாட்டில் உள்ளதும், தண்டனைக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி அவன் ஒப்புக்கொள்ளும் மற்றக் குற்றச்சாட்டுகளும் மட்டுமே இழப்பீட்டில் வரும். கடையில் வேறு காரணத்தால் விழுந்த துண்டையும் இவன் பேரில் ஏற்றுவது நடக்கிற காரியம்தான். போலீஸ் முடக்கிய கணக்கிலோ கைப்பற்றிய ரொக்கத்திலோ இருக்கும் பணம் கடைக்குத் திரும்பினால் அது பாக்கியிலிருந்து கழிய வேண்டும். எடுத்த பணத்தை ஊருக்கு அனுப்பியிருந்தால் வக்கீலிடம் மறைக்கக் கூடாது. குற்றத்தில் வந்த பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பியது தனிக் குற்றச்சாட்டாக வரலாம்.

கட்டாவிட்டால்? கோர்ட் தவணை கொடுக்கலாம், சொத்தைப் பறிமுதல் செய்து விற்கச் சொல்லலாம், கட்டாததற்கு மாற்றுச் சிறையும் விதிக்கலாம். அந்த மாற்றுச் சிறை முதல் தண்டனையோடு கூடுதலாகச் சேரும். ஆனால் சக்திக்கு மீறிய தொகையைப் போட்டு நசுக்குவதற்கல்ல இது. 2014-ல் பணிப்பெண்ணைத் துன்புறுத்திய ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் இழப்பீட்டு உத்தரவுக்கான நெறிகளை வகுத்தபோது, கட்டும் சக்தியையும் பார்க்கச் சொன்னது. அதனால் சம்பளம், கடன், ஊரில் குடும்பம் எல்லாம் காகிதமாக வக்கீலிடம் இருக்க வேண்டும்.

இனித் தேயிலை. நிலம் அப்பா பேரில், அவர் சொந்தமாக வாங்கியதாக இருந்தால் மகனின் கடனுக்கு அதைத் தொட முடியாது. கூட்டுப் பட்டாவில் கிடக்கும் பூர்வீகச் சொத்தில் பையனுக்கும் பங்கு இருந்தால் கதை வேறு. இழப்பீட்டு உத்தரவு வந்தாலும் மீதிப் பணத்துக்கு முதலாளி தனியாக சிவில் வழக்குப் போடலாம். கிடைத்த இழப்பீடு அதில் கழியும். அப்படி சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் பணத் தீர்ப்பு வாங்கினால், இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி ஊட்டி மாவட்ட நீதிமன்றத்திலேயே அதை நிறைவேற்றக் கேட்க முடியும். அபராதம், தண்டத்தொகைகளுக்கு அந்த வழி கிடையாது. இத்தனை செலவு செய்து 11,400 வெள்ளியைத் துரத்துவார்களா என்பது சந்தேகம்தான், ஆனால் "ஊருக்கு வந்துவிட்டால் தீர்ந்தது" என்று நம்பியிருக்கக் கூடாது. ஏழெட்டு லட்சம் ரூபாய்க்காக அவசரத்தில் விற்றால், விற்பவர் நெருக்கடி மலையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், விலையும் விழும். விற்பதைவிட அடமானம் வைப்பதை அவர் ஒருமுறை யோசிக்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அது வெளிநாட்டவரையும் ஏற்கிறது. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. புரியாத ஆங்கிலத்துக்குத் தலையாட்ட வேண்டாம்.

கடைசியாக நீங்கள். இழப்பீட்டு உத்தரவு தண்டிக்கப்பட்டவன் மேல் மட்டும்தான் வரும், சாட்சி மேல் வராது. "கல்லாவில் நீயும் நின்றாய், மாதம் 300 வெள்ளி பிடிக்கிறேன்" என்று முதலாளி சொல்கிறாரே, அதற்கு வேலைநியமனச் சட்டத்தில் எல்லை உண்டு. உங்கள் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டமாக இருக்க வேண்டும். விசாரித்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகாமல், ஒரே ஒரு முறை. மாதாமாதம் பிடிப்பது கூடாது. பிடித்தால், வேலையில் இருக்கும்வரை 1 ஆண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் 6 மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுக்கலாம். "இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு" என்று நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட பேங்க் சீட்டுகள், கல்லா முடிக்கும் ரசீதுகள் எல்லாவற்றையும் இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த வாரம் அந்த ஃபைல் கடையில் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.