மாற்று இணைப்புக்கு எந்த முகவரி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் முதன்மை இணையம் ஃபைபர் வழியாக வருகிறது. அது அறுந்துபோனால் உதவட்டும் என்று செயற்கைக்கோள் மோடம் ஒன்றை ரூட்டரின் இரண்டாவது வான் (WAN, வெளி இணைப்பை வாங்கும்) போர்ட்டில் பொருத்தினோம். அன்றிலிருந்து ஃபைபர் இணைப்பும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது. மோடத்தைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. மோடம் பழுதானதா?

பதில்: மோடத்தைத் திருப்பி அனுப்புவதற்கு முன், இரண்டு வான் போர்ட்டுகளுக்கும் என்ன ஐ.பி. முகவரி கிடைத்திருக்கிறது என்பதை ரூட்டரின் நிலைப் பக்கத்தில் பாருங்கள். இரண்டுமே 192.168.1 என்று தொடங்கினால், மோடத்தில் குறை இல்லை, முகவரிகள்தான் மோதுகின்றன. உள் வலையமைப்புகளுக்கென்று 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று பெருந்தொகுதிகளை 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய நெறி ஆவணம் ஒதுக்கிவைத்தது. அவ்வளவு இடம் இருந்தும், பல தயாரிப்பாளர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற சப்நெட்டை (முகவரிகளின் சிறு தொகுதியை) அமைத்தே மோடங்களை அனுப்புகிறார்கள். ஃபைபர் மோடமும் செயற்கைக்கோள் மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் நுழைவாயிலாக நிற்கும்போது, ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) எந்தப் போர்ட் வழியே அனுப்புவது என்று ரூட்டரால் உறுதியாகத் தீர்மானிக்க இயலாது.

அலுவலகத்தின் உள் வலையமைப்பு, ஃபைபர் மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட பகுதி, செயற்கைக்கோள் மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட பகுதி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காத மூன்று சப்நெட்டுகளாக இருக்க வேண்டும். பிரிண்டர், கேமரா போன்றவை உள் வலையமைப்பின் முகவரிகளை நம்பி இயங்குவதால் அதைத் தொடாதீர்கள். புதிதாக வந்த மோடத்தின் முகவரியையே மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக, மோடத்துக்கு 10.77.5.1, அதை நோக்கிய வான் போர்ட்டுக்கு 10.77.5.2, சப்நெட் மாஸ்க் (சப்நெட்டின் அளவைச் சொல்லும் எண்) 255.255.255.252 என்று கொடுக்கலாம். அந்த மாஸ்க்கில் பயன்படுத்தத்தக்க முகவரிகள் இரண்டே என்பதால் வேறெந்தக் கருவியும் தவறுதலாக அங்கே நுழைய முடியாது. அந்த மாஸ்க்கை மோடம் ஏற்க மறுத்தால் 255.255.255.0 போதும்.

மோடத்தில் பிரிட்ஜ் முறை (மோடம் வெறும் பாலமாக மட்டும் நிற்கும் முறை) இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். சேவை நிறுவனம் தரும் முகவரி நேராக ரூட்டருக்கே வந்துவிடுவதால் உள் முகவரியை வெளி முகவரியாக்கும் முகவரி மாற்றம் (NAT) இரண்டு இடங்களில் நிகழ்வதில்லை. ஆனால் மோடத்தின் நிர்வாகப் பக்கம் அப்போது எட்டாமல் போகலாம். ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் தட்டில் நிர்வாகப் பக்கம் 192.168.100.1 என்ற முகவரியில் இருப்பதால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் செயற்கைக்கோள் போர்ட் வழியே நிலையான பாதை ஒன்றை ரூட்டரில் எழுதிவைக்க வேண்டும். கேபிள் மோடங்கள் பலவும் இதே முகவரியைப் பயன்படுத்துகின்றன என்பதை, முதன்மை இணைப்பாகக் கேபிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: முகவரிகளைச் சரியாகப் பிரித்துவிட்டோம்; ஃபைபருக்குக் குறைந்த மெட்ரிக் (எண் குறைந்த பாதைக்கே முன்னுரிமை), செயற்கைக்கோளுக்கு அதிக மெட்ரிக் என்றும் அமைத்தோம். இருந்தும் வெளியே ஃபைபர் அறுந்தபோது ரூட்டர் மாற்று இணைப்புக்குத் தாவவில்லையே?

பதில்: உங்கள் ரூட்டர் ஃபைபர் மோடத்தைப் பிங் செய்துவிட்டு (சிறு சோதனைச் செய்தி அனுப்பிவிட்டு), பதில் வருவதால் இணையமும் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. வெளியே கம்பி அறுந்தாலும் மேசைமேல் இருக்கும் மோடம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகையால் மோடத்துக்கு அப்பால், இணையத்தில் உள்ள ஒரு முகவரியைச் சோதிக்கச் சொல்லுங்கள், கூகுளின் பொதுப் பெயர்த் தேடல் சர்வரான 8.8.8.8 அதற்கு ஏற்றது. அந்த முகவரிக்கான பாதையை ஃபைபர் போர்ட்டோடு கட்டாயமாகப் பிணைத்துவிட வேண்டும். பிணைக்காவிட்டால், தாவிய பிறகு அதே பிங் செயற்கைக்கோள் வழியாக வெற்றி பெற, ஃபைபர் திரும்பிவிட்டது என்று ரூட்டர் நம்பி மீண்டும் செத்த இணைப்புக்கே போகும். இப்படி முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருக்கும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபைபரோடு பிணைத்த முகவரியையே டி.என்.எஸ். (தளப் பெயரை ஐ.பி. முகவரியாக்கும் சர்வர்) ஆகவும் கொடுத்திருந்தால், ஃபைபர் அறுந்த கணத்தில் பெயர்த் தேடலும் நின்றுவிடும். டி.என்.எஸ்.ஸுக்கு 1.1.1.1 போன்ற வேறொரு பொது முகவரியைக் கொடுங்கள். ஃபைபர் நிறுவனத்தின் டி.என்.எஸ்.ஸை மட்டும் நம்புவதும் நல்லதல்ல, ஏனெனில் அத்தகைய சர்வர்களில் பல தம் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் தரும்.

செயற்கைக்கோள் பக்கத்தைச் சோதிக்கும்போது காத்திருப்பு நேரத்தைத் தாராளமாக வையுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி போய்ப் பதில் வர அந்தத் தூரத்தை நான்கு முறை கடக்க வேண்டியிருப்பதால், ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ அரை விநாடி ஆகிவிடும். 500 மில்லி விநாடி என்று வரம்பு வைத்த ரூட்டர், நலமாக இருக்கும் இணைப்பைச் செத்ததாகக் குறித்துவிடும். இரண்டு விநாடி வையுங்கள். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் தாழ்பாதைச் செயற்கைக்கோள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, சில மோடங்கள் செயற்கைக்கோளோடு தொடர்பு கிடைக்கும் முன்பே டி.எச்.சி.பி. (முகவரிகளைத் தானாக வழங்கும் முறை) வழியாகத் தற்காலிக முகவரி ஒன்றைக் கொடுத்துவிடும். போர்ட்டில் முகவரி தெரிகிறது என்பதை மட்டும் வைத்து இணைப்பு உயிரோடிருக்கிறது என்று கொள்ளக் கூடாது.

அமைத்து முடித்ததும், ரூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள கேபிளை அல்ல, மோடத்துக்குள் வரும் ஃபைபர் இழையைக் கழற்றிச் சோதியுங்கள். உண்மையான அறுபடல் அப்படித்தான் நிகழும். தாவிய பின் ஐ.பி. தொலைபேசிகள் மட்டும் ஊமையாக இருந்தால், அவை பழைய முகவரி மாற்றப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். தாவும்போது இணைப்பு அட்டவணையை அழிக்கும் வசதி ரூட்டரில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: மாற்று இணைப்பில் இருக்கும்போது வெளியிலிருந்து எங்கள் கேமராப் பதிவுக் கருவியை அடைய முடியவில்லை. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உள்ளிருக்கும் கருவிக்குத் திருப்பும் அமைப்பு) சரியாகவே இருக்கிறது.

பதில்: செயற்கைக்கோள் போர்ட்டின் முகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி இது. அந்தப் பொது முகவரி சேவை நிறுவனத்தின் கருவியில் இருப்பதால், உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் கோரிக்கை உங்களை எட்டாது. தனிப் பொது முகவரி கேட்டுப் பெறலாம். கிடைக்காவிட்டால், பொது முகவரியுள்ள சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரூட்டரே அதை நோக்கி வி.பி.என். (இணையத்தின் ஊடே செல்லும் தனிவழி) இணைப்பை ஏற்படுத்தி, சில விநாடிகளுக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி அமையுங்கள். எந்த இணைப்பில் இருந்தாலும் கேமராவை அந்த ஒரே முகவரியில் அடையலாம்.