ஸ்னோடிராப்: எல்லாம் ஒரே வெள்ளைப் பூதானா?

அன்புள்ள ஐயா,

உங்கள் தோட்டக் குறிப்பைப் படித்துவிட்டுப் போன செப்டம்பரில் கடையில், குளிர்கால முடிவில் பூக்கும் ஸ்னோடிராப் செடியின் கிழங்கு 25 வாங்கி நட்டேன். மூன்றுதான் முளைத்தது. இதில் ஒரே ஒரு கிழங்கை 1,850 பவுண்டு கொடுத்து வாங்கினார்களாமே! எல்லாம் ஒரே வெள்ளைப் பூதானே, இதென்ன பைத்தியம்?

ஒரு வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கையில் குறையில்லை. பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரி இருந்தாலும் வெங்காயம்போல மாதக்கணக்கில் காய்ந்து கிடக்க இதற்குத் தெம்பு கிடையாது. கடைத் தட்டிலேயே பாதி செத்திருக்கும். பூ ஓய்ந்து இலை பச்சையாக நிற்கிற பிப்ரவரி, மார்ச்சில் வேரும் மண்ணுமாக வாங்கி அன்றைக்கே நட்டுவிடுங்கள். இலை உதிர்க்கும் புதரடி நல்ல இடம்.

நீங்கள் சொல்லும் கிழங்கு 2022இல் விற்ற 'கோல்டன் டியர்ஸ்'. அந்த வகையை உருவாக்கியவர் ஜோ ஷார்மன் என்ற இங்கிலாந்து நாற்றுப் பண்ணைக்காரர். 2015இல் 1,390 பவுண்டுக்குப் போன அவருடைய 'கோல்டன் ஃப்ளீஸ்' உருவாக 18 வருடம் ஆனது. விதை போட்டால் தாயைப் போலவே பிள்ளை வராது. கிழங்கைத்தான் பெருக்க வேண்டும். பிளேடால் நெடுக்காகக் கீறி, வேர் விடும் அடித்தட்டில் ஒரு துணுக்கு ஒட்டியிருக்க இரண்டிரண்டு செதிலாகப் பிரித்து, ஈரமான வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளோடு பையில் கட்டி இருட்டில் வைப்பார்கள். சில வாரத்தில் செதிலிடுக்கில் அரிசி மணி அளவில் குட்டி தெரியும். அது பூக்க இன்னும் மூன்று நான்கு வருடம். நானும் ஒருமுறை முயன்றேன். பிளேடை ஸ்பிரிட்டில் துடைக்காத சோம்பலுக்குப் பாதி அழுகிப்போனது. ஆனாலும் அந்த விலை எனக்கும் பைத்தியமாகத்தான் படுகிறது.

'ஒரே வெள்ளைப் பூ' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலை கவிழ்ந்த பூ. மண்டியிட்டு விரலால் நிமிர்த்திப் பாருங்கள். வெளியே நீளமாக மூன்று இதழ், உள்ளே குட்டையாக மூன்று. உள்ளிதழ் நுனியில் சாதாரண வகைக்குத் தலைகீழ் 'வி' போலப் பச்சைக் குறி. சில வகைக்கு இரண்டு குறி, சிலவற்றில் பச்சைக்குப் பதில் மஞ்சள். 'லேடி எல்ஃபின்ஸ்டோன்' என்ற அடுக்குப் பூ மஞ்சள் குறிக்காரி. இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு பச்சையாகப் பூப்பாள். இந்த விஷயம் எனக்குத் தெரியாமல், விற்றவரை இரண்டு வருடம் மனசுக்குள் திட்டினேன். மூன்றாம் வருடம் மஞ்சள் வந்தது.

நீங்கள் 'எஸ். ஆர்னாட்' என்ற வகையை வாங்குங்கள். பெரிய பூ, தேன் வாசனை, வேகமாகப் பெருகும், சில பவுண்டுதான். மார்ச்சில் என் கொத்தைப் பிரிக்கும்போது ஈரத்தாளில் சுற்றி உங்களுக்கும் நாலு அனுப்புகிறேன். முகவரி எழுதுங்கள்.