தோல் மருத்துவமும் அமெரிக்காவும்: மருத்துவ மாணவர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கொழும்பு மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம் படிக்கிறேன். தோல் மருத்துவம்தான் செய்ய வேண்டும், அதுவும் அமெரிக்காவில் என்று ஆசை. அமெரிக்காவில் மருத்துவராக எழுத வேண்டிய ஸ்டெப் பரீட்சைகளில் முதலாவதான ஸ்டெப் 1-இல் இப்போது புள்ளியே இல்லை, பாஸ் பண்ணினால் போதும், அதனால் முன்பைவிட லேசு என்று பட்ச்சில் சொல்கிறார்கள். அம்மாவோ, "முதலில் இங்கே இன்டேர்ன்ஷிப்பை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, லேசு என்ற பேச்சை முதலில் விடுங்கள். 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்குப் பாஸ், ஃபெயில் மட்டும்தான், அது சரி. ஆனால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கப் பயிற்சி தரும் வைத்தியசாலைகளுக்கு ஏதோ ஓர் எண் வேண்டுமே, அந்தப் பாரம் முழுக்க, இன்னும் புள்ளி தருகிற அடுத்த பரீட்சையான ஸ்டெப் 2 சிகே-யின் தலையில் போய் விழுந்துவிட்டது. ஒருமுறை பாஸ் பண்ணிவிட்டால் புள்ளியைக் கூட்டிக்கொள்ள மறுபடி எழுதவும் விடமாட்டார்கள். ஃபெயிலானால் அது ரெக்கோர்டில் அப்படியே நிற்கும். அதனால் ஸ்டெப் 1-ஐ ஒப்புக்குப் படிக்காதீர்கள், அந்த அடித்தளத்தில்தான் ஸ்டெப் 2 நிற்கிறது.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டில் படித்துவிட்டு, மேட்ச் எனப்படும் பயிற்சி இடப் பங்கீட்டுக்குப் போகிறவர்களில் 100-க்கு 60 பேருக்கும் குறைவாகத்தான் இடம் கிடைக்கிறது, அதுவும் எல்லாத் துறைகளையும் சேர்த்து. அவர்களில் பெரும்பாலானோர் பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்றவற்றுக்குப் போகிறார்கள். தோல் மருத்துவத்துக்குள் நுழைகிறவர்கள் மிகச் சிலர், அவர்களிலும் பலர் அங்கேயே ஒரு பிரிவில் ஓரிரு வருடம் ஆய்வு வேலை செய்து, அந்தப் பிரிவுக்காரர்களுக்கு முகம் தெரிந்தவர்களாகி உள்ளே போனவர்கள். அந்தக் காலத்துக்குச் சம்பளம் கிடைக்குமா, விசா என்ன வகை, வீட்டில் எவ்வளவு தாங்குவார்கள் என்பதை இன்றைக்கே அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். ஸ்டெப் பரீட்சை ஒவ்வொன்றுக்கும் கட்டணமே 1,000 டொலருக்கு மேல்.

இனி அம்மாவின் பேச்சு. பாதி சரி. இன்டேர்ன்ஷிப்பை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் "அப்புறம் பார்க்கலாம்" என்பதில் ஒரு கதவு மூடிவிடும். மாணவியாக இருக்கும்போதுதான் அமெரிக்க வைத்தியசாலை ஒன்றில் இலெக்டிவ், அதாவது நாமே தெரிவு செய்யும் சில வாரப் பயிற்சி, செய்து, நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்து, கேஸ் பிரசென்ட் பண்ண முடியும். பட்டம் கையில் வந்தபிறகு பெரும்பாலும் ஒப்சர்வர்ஷிப்தான் கிடைக்கும், சுவரோரம் நின்று பார்ப்பது. பல இடங்கள் இறுதி வருட மாணவர்களைத்தான் எடுக்கின்றன, சில இடங்கள் ஸ்டெப் 1 முடிந்திருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. அதனால் இலெக்டிவ்வுக்குக் கிடைக்கிற வாரங்களை எண்ணிப் பார்த்து, பல மாதம் முன்னதாகவே அந்த வைத்தியசாலைகளுக்கு எழுதத் தொடங்குங்கள்.

அந்த இலெக்டிவ்வில் நீங்கள் சம்பாதிக்க வேண்டியது ஒரு கடிதம். சிபாரிசுக் கடிதங்கள் சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். ஒன்றில் "நேரத்துக்கு வருவார், மரியாதையானவர், நல்ல எதிர்காலம் உண்டு" என்று நாலு வரி. இன்னொன்றில், ஒரு கிழவரின் முதுகிலிருந்த தேமலை எல்லோரும் தேமல் என்றே விட்டபோது, அந்த மாணவி பஞ்சுத் துணுக்கால் தொட்டு, அங்கே உணர்ச்சி இல்லை என்று கண்டுபிடித்துத் தொழுநோயாக இருக்கலாம் என்று சொன்னதை அந்த சேர் எழுதியிருந்தார். முதல் கடிதம் யாருக்கும் பொருந்தும், இரண்டாவது அந்த ஒரு பிள்ளைக்குத்தான் பொருந்தும். அப்படி எழுத வேண்டுமென்றால் அவர் உங்களை வார்டில் பார்த்திருக்க வேண்டும். ஆகவே கொழும்பில் இருக்கும்போதே கிளினிக்கில் பின்வரிசையில் நிற்காமல் முன்னுக்கு வாருங்கள்.

ஆய்வுக்கு அமெரிக்கா போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் நாட்டில் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் இருக்கிறது, தோலில் நோகாத ஒரு சின்னக் கட்டியாகத் தொடங்கி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஈரலையும் மண்ணீரலையும் தாக்குகிற லீஷ்மேனியா டொனோவானி என்ற கிருமி இங்கே தோலில்தான் அதிகம் வருகிறது. உங்கள் பீடத்து ஒட்டுண்ணியியல் பிரிவு இதைப் பல வருடமாக ஆராய்கிறது. அந்தக் கதவை ஒருநாள் தட்டிப் பாருங்கள், ஸ்லைட் துடைக்கிற வேலை தந்தாலும் எடுங்கள். அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்காத அனுபவம் அது.

அமெரிக்காவில் விண்ணப்பிக்கும்போது இன்னொன்று: தோல் மருத்துவத்தில் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 3 தங்கச் சிக்னல், 25 வெள்ளிச் சிக்னல் என்று கொடுக்கிறார்கள், எந்த இடம் உண்மையிலேயே வேண்டும் என்று காட்டுவதற்கு. அவற்றைப் பெயர் பெற்ற இடங்களுக்கே அள்ளி வீசாமல், வெளிநாட்டுப் பட்டதாரிகளை முன்பு எடுத்த இடங்களைத் தேடிக் கொடுங்கள்.

இங்கே பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனமான பிஜிஐஎம் மூலம் விசேட மருத்துவராகும் வழியை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். தெரிவுப் பரீட்சை கடினம்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே பரீட்சை, பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டிலும் செய்ய வேண்டும். எனக்கென்றால் இரண்டையும் திறந்தே வைத்திருப்பேன். இன்டேர்ன் இடமும் அகில இலங்கைத் தகுதிப் பட்டியலின்படிதான், ஃபைனல்ஸுக்குப் படிக்கும் படிப்பு எந்த வழியிலும் வீண்போகாது.

கேள்வி: நான் பட்டம் எடுத்து மூன்று வருடம். இப்போது ஸ்டெப் எழுதத் தொடங்கினால் பிந்திவிட்டேனா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பிந்தவில்லை தம்பி, ஆனால் பட்டம் பெற்றுச் சில வருடம் ஆனவர்களை ஒதுக்குகிற இடங்கள் உண்டு, அதனால் இனியும் ஒத்திப்போட வேண்டாம். பொது மருத்துவம் போன்ற துறை என்றால் தைரியமாகப் போங்கள். இதுவரை வேலை செய்த காலத்துக்குத் திகதியுடன் கூடிய சான்றுகளை இந்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள், நீங்கள் வேலை செய்த வார்டின் சேர் ஓய்வு பெற்றுப் போனபிறகு அவரைத் தேடி அலைவது பெரும்பாடு.