மூன்று முறை பிரித்த ஸ்வெட்டர்

கேள்வி: ஆறு வருடங்களாக நிட்டிங் செய்கிறேன். இரவில் அரை மணி நேரமாவது ஊசி கையில் இருக்கும். கடந்த நான்கு மாதமாக எதுவுமே சரியாக வரவில்லை. தம்பியின் பிறந்தநாளுக்காக சூப்பர்வாஷ் மெரினோ கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். அளவு பார்க்க ஒரு மாதிரித் துண்டு பின்னி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று அளந்து பார்த்துத்தான் தொடங்கினேன். உடல் பகுதியை முடித்துத் துவைத்தபோது மார்புச் சுற்றளவு 100 செ.மீ.க்குப் பதில் 110 செ.மீ. இருந்தது. பிரித்து, அன்றிரவே சிறிய ஊசியில் மறுபடி தொடங்கினேன். துணி அட்டை மாதிரி விறைத்தது. அதையும் பிரித்தேன். மூன்றாவது முறை கண்ணிகள் மேடும் பள்ளமுமாக, நேற்றுக் கற்றுக்கொண்டவர் பின்னியது போல் வந்தன. பிரித்துப் போட்டுவிட்டேன். பிறந்தநாளும் போய்விட்டது. ஒரு கறுப்பு லேஸ் சால்வை பாதியில் நிற்கிறது, எண்ணிக்கை ஒரு நாளும் சரியாக வருவதில்லை. ஒரு காலுறை ஜோடியில்லாமல் கிடக்கிறது. கூடையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நடுவில் வலது கை வேறு அவ்வப்போது மரத்துப் போகிறது. நூலையெல்லாம் யாரிடமாவது கொடுத்துவிட்டு நிறுத்திவிடலாமா? என் கை மறந்துவிட்டதா?
- ஒரு வாசகி

பதில்:

அன்புத் தோழிக்கு,

கை மரத்துப் போவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரமரப்பு இருந்தாலோ, தூக்கத்தில் அதனால் விழிப்பு வந்தாலோ, மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு அழுந்துகிறது என்று பொருளாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்வரை ஊசியைத் தொடாதீர்கள். பின்னுகிறவர்கள் நம்மில் பலர், "இந்த வரிசை முடியட்டும்" என்று வலியைத் தள்ளிப் போடுவோம். வேண்டாம். அதிலும் நீங்கள் சிறிய ஊசியில் இறுக்கிப் பின்னியிருக்கிறீர்கள். கை அதற்கு வருத்தப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, இப்போது ஸ்வெட்டர். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் எனக்குப் பட்டது இது: உங்கள் கை எதையும் மறக்கவில்லை. நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எதுவும் உங்கள் திறமையைப் பற்றியது இல்லை. காரணம் தெரியாமல் மூன்று முறை தோற்றதால், தோல்வி உங்களுடையது என்று ஆகிவிட்டது. அதனால்தான் சால்வையும் காலுறையும்கூடப் பிடிக்காமல் போயின.

கடைசியில் நடந்ததிலிருந்து பின்னோக்கிப் போவோம். மூன்றாவது முறை கண்ணிகள் ஏன் மேடும் பள்ளமுமாக வந்தன? பின்னிய துணியைப் பிரித்தால் நூல் சுருள் சுருளாக வருமல்லவா? கண்ணியின் வளைவை நூல் நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் அதை ஒருமுறை துவைத்துக் காயவும் வைத்துவிட்டதால் அந்த வளைவு இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். அப்படிப்பட்ட நூலை அன்றிரவே எடுத்துப் பின்னினால் முப்பது வருடம் பின்னியவருக்கும் கண்ணி சீராக வராது. ஒரு கண்ணிக்குள் அதிக நூல் போகும், பக்கத்துக் கண்ணிக்குள் குறைவாகப் போகும். நீங்கள் பார்த்த மேடு பள்ளம் அதுதான்.

இதற்கு மருந்து தண்ணீர். பந்தாகச் சுற்றியிருக்கும் நூலை ஒரு நாற்காலியின் முதுகைச் சுற்றி நீளமான சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றுங்கள். நான்கு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சிக்கு எடுத்தே ஒரு வாரம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் அப்படியே அமிழ்த்தி வையுங்கள். கசக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். ஒரு துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டுத் தொங்க விடுங்கள். காய ஒன்றிரண்டு நாள் ஆகும். சுருள் அநேகமாக முழுவதும் போய்விடும். அந்த இரண்டு நாளும் உங்களுக்கும் ஓய்வு, அதையும் நான் நல்லதாகவே பார்க்கிறேன்.

அடுத்து அளவு. நீங்கள் 22 என்று அளந்தது பொய் இல்லை. ஆனால் எந்தத் துண்டில் அளந்தீர்கள்? எத்தனை கண்ணி அகலம், துவைத்தீர்களா என்று எழுதவில்லை. துவைக்கவில்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் நூல் சூப்பர்வாஷ். சாதாரணக் கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சூடும் உரசலும் பட்டால் கம்பளி சுருங்கிக் கெட்டிப்படுவதும் அதனால்தான். இயந்திரத்தில் துவைக்க வசதியாக, சூப்பர்வாஷ் நூலில் அந்தச் செதில்களை மழுக்கி மேலே ஒரு பூச்சும் கொடுத்திருப்பார்கள். பிடிப்பு போய்விட்டது, இல்லையா? அதனால் நனைந்தால் தாராளமாக நீளும். போதாததற்கு ஒரு பெரியவர்கள் ஸ்வெட்டர் அரைக் கிலோ வரைகூட வரும். ஈரத்தில் அந்தக் கனமே துணியை இழுக்கும். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுக்கு அந்தக் கனம் ஏது?

இனி மாதிரித் துண்டு பின்னினால் குறைந்தது 15 செ.மீ. அகலம் வரட்டும், உங்கள் கணக்குக்கு 34 கண்ணி ஏற்றினால் சரியாக இருக்கும். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. மட்டும் அளக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் அளவைக் கெடுக்கும். வட்டமாகப் பின்னப்போகும் ஸ்வெட்டருக்கு மாதிரியையும் வட்டமாகவே பின்னுங்கள். வட்டமாகப் பின்னினால் நிட் (நேர்க் கண்ணி) மட்டும்தான், திருப்பித் திருப்பிப் பின்னினால் பர்ல் (மறுபக்கக் கண்ணி) வரிசையும் வரும்; இரண்டையும் ஒரே இறுக்கத்தில் பின்னுகிறவர்கள் குறைவு.

ஆனால் பாருங்கள், மிகப் பெரிய மாதிரித் துண்டு ஒன்றை நீங்கள் ஏற்கெனவே பின்னித் துவைத்து அளந்துவிட்டீர்கள். முதல் ஸ்வெட்டரைத்தான் சொல்கிறேன். 100 செ.மீ.க்கு 220 கண்ணி ஏற்றியிருப்பீர்கள், 110 செ.மீ. வந்தது. அப்படியானால் இந்த நூலும் அந்த ஊசியும் உங்கள் கையும் சேர்ந்தால் 10 செ.மீ.க்கு 20 கண்ணி. அந்தத் துணி தொட மென்மையாக, பிடித்த மாதிரி இருந்திருந்தால் ஊசியை மாற்றியிருக்கவே வேண்டாம். கண்ணியை 200 ஆகக் குறைத்தால் போதும். பேட்டர்னில் (பின்னல் குறிப்பில்) 200க்கு அருகில் கண்ணி உள்ள சிறிய சைஸ் இருந்தால் அதன் கண்ணி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நீளங்களை மட்டும் தம்பியின் சைஸுக்கு செ.மீ.யில் அளந்து பின்னுங்கள். வரிசைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், கழுத்திலிருந்து அக்குள் வரை உள்ள ஆழம் அதில்தான் ஏமாற்றும்.

இதை வாசித்ததும் இன்றிரவே 200 கண்ணி ஏற்றிவிடாதீர்கள். அந்த ஸ்வெட்டரோடு உங்களுக்கு இப்போது நல்ல உறவு இல்லை. கையும் சரியாகி, நூலும் காய்ந்தபிறகு, அதே நூலில், அதே முதல் ஊசி அளவில், ஒரு தொப்பி பின்னுங்கள். 100 கண்ணி, 50 செ.மீ. சுற்றளவு வரும். இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று ஓரம், அப்புறம் தலை உச்சி வரும்வரை வெறும் நிட். உச்சியில் பத்துப் பத்துக் கண்ணியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் கடைசி இரண்டைச் சேர்த்துப் பின்னுங்கள். அடுத்த சுற்று சும்மா, அதற்கடுத்த சுற்றில் மறுபடி குறையுங்கள். நான்கைந்து இரவில் முடிந்துவிடும். துவைத்து அளந்து பாருங்கள், 20 கண்ணி என்ற கணக்கு அங்கேயே உறுதியாகிவிடும். தொப்பியையே மாதிரித் துண்டாகப் பின்னிப் பாருங்கள் என்று சொன்னவர் எலிசபெத் சிம்மர்மன் (1910-1999). இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் நிட்டிங் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு அவர் யோசனைகளில் மிகவும் பிடித்தது இது. அளவு பார்க்கிற சலிப்பான வேலையிலிருந்து, முடிந்த ஒரு பொருள் கையில் கிடைக்கிறது. நான்கு மாதமாக எதையும் முடிக்காத உங்களுக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

என் கதை ஒன்று சொல்கிறேன். அக்காவுக்காக ஒரு நீலக் கார்டிகன் பின்னினேன். இரண்டு கைக்கும் ஒரே கண்ணி, ஒரே வரிசை, ஒரே ஊசி. தைக்க எடுத்தபோது ஒரு கை மற்றதைவிட ஏறக்குறைய 3 செ.மீ. குட்டையாக இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன், எண்ணிக்கையில் தவறே இல்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது, குட்டையான கையை அம்மா படுக்கையில் இருந்த வாரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியிருந்தேன். நூலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கார்டிகனை அலமாரியில் வைத்துவிட்டேன், வேறு எதையும் தொடவும் இல்லை. எடுத்துப் பின்னியபோது அந்த ஒரு கையை மட்டும் பிரித்துப் பின்னினேன். மனம் இறுகினால் கண்ணியும் இறுகும். பிறந்தநாள் நெருங்க நெருங்க நீங்கள் பின்னிய வரிசைகளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதனால் தம்பியிடம் பேசிவிடுங்கள். "இந்த வருடம் முடியவில்லை, எப்போது முடிகிறதோ அப்போது தருகிறேன்" என்று சொன்னால் போதும். தேதி எதுவும் சொல்லாதீர்கள்.

கறுப்புச் சால்வையை என்னிடம் விட்டால் இப்போதைக்கு ஊசியிலிருந்தே இறக்கிவிடுவேன். கறுப்பு நூல், லேஸ், இரவு விளக்கு, மூன்றும் சேர்ந்தால் கண் என்ன செய்யும்? கண்ணிகளை ஒரு வெளிர் நிற நூலில் கோத்து, ஊசி அளவையும் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, பையை மூடிவிடுங்கள். என்றாவது பகல் வெளிச்சத்தில் திறக்கும்போது, டிசைன் திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஊசியில் ஒரு மார்க்கர் (அடையாள வளையம்) போடுங்கள். அப்போது கண்ணி குறைந்தால் முழுச் சால்வையிலும் தேட வேண்டாம், அந்தப் பத்துப் பன்னிரண்டு கண்ணிக்குள் தேடினால் போதும். பெரும்பாலும் போட மறந்த ஒரு யார்ன்ஓவர்தான் (லேஸில் துளை வர ஊசியில் நூலைச் சுற்றுவது) கிடைக்கும். சில வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணி வழியாகவும் லைஃப்லைன் நூல் ஒன்றையும் ஓட்டி வையுங்கள், பிரிக்க நேர்ந்தால் அதுவரைக்கும்தான் பிரியும்.

காலுறைக்கு அவசரமே இல்லை. அடுத்த ஜோடியை நீளமான சர்க்குலர் ஊசியில் (இரு முனைகளை ஒரு வளையும் கம்பி இணைக்கும் ஊசி) இரண்டையும் ஒன்றாகவே பின்னுங்கள், ஒற்றைக் காலுறை என்ற பேச்சே வராது.

இப்போது, நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்களே. தாராளமாக நிறுத்தலாம். பொழுதுபோக்குக்கு நாம் யாரும் கடன்பட்டவர்கள் இல்லை. ஆனால் இதை முழுவதுமாக வெறுத்துவிட்டவர், 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எனக்குக் கடிதம் எழுத மாட்டார். துணி அட்டை மாதிரி விறைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் தொட்டுப் பார்த்த விரல்களுக்கு இன்னும் நல்ல துணி எது என்று தெரிகிறது. அதனால் நூலை இப்போதே கொடுத்துவிட வேண்டாம். கூடையை மட்டும் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். கை சரியாகி, தொப்பி ஒன்று முடிந்து, அப்போதும் ஊசி பிடிக்கவில்லை என்றால் நூலைக் கொடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. தொப்பி முடிந்தால் துவைத்தபின் என்ன அளவு வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். 20 வரும் என்றுதான் நினைக்கிறேன்.