முத்துவின் தாடை ஏன் ஈரமாக இருக்கிறது?

அன்புள்ள அக்கா,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முத்து என்று ஒரு சின்சில்லா இருக்கிறது, பஞ்சு மாதிரி அடர்ந்த முடியுள்ள சின்னக் கொறிக்கும் பிராணி. பெங்களூரில் இருந்த சித்தி மகன் வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. வயது ஆறு. கோடை முழுக்க ஏசியில் வைத்து எப்படியோ சமாளித்துவிட்டோம். மார்கழி பிறந்ததும்தான் பிரச்சினை. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புழுக்கை சின்னச் சின்னதாகப் போடுகிறது. "இந்தப் பனியில ஏசி போட்டா ஜன்னி கண்டுடும்" என்று மாமியார் சொன்னதால் ஏசியை நிறுத்திவிட்டு, ராத்திரியில் கூண்டைப் போர்வை போட்டு மூடுகிறோம். டாக்டரிடம் காட்டினோம். வாயு என்று சொல்லிச் சொட்டு மருந்தும், கரைத்து ஊட்ட ஒரு பொடியும் கொடுத்தார். சிரிஞ்சில் ஊட்ட எனக்குப் பயமாக இருக்கிறது, புரை ஏறிவிட்டால் என்ன செய்வது? 540 கிராம் இருந்த பிள்ளை, இப்போது 480. காய்ந்த புல்லை ஆசையாகத்தான் எடுக்கிறது, வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. தண்ணீர் குடிக்கும்போது சிந்திக்கொள்கிறது போல, தாடை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. குளிர்தான் காரணமா அக்கா? இந்த ஊரில் இப்படி ஒரு பிராணியை வைத்துக்கொண்டதே பாவமா?

நந்தினி

அன்புள்ள நந்தினி,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தாடை ஈரம், புல்லை எடுத்துவிட்டுப் போடுகிறது என்று, அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஒன்பது வருடம் சின்சில்லாக்களோடு வாழ்ந்தவள். தண்ணீர் சிந்தி ஈரமானால் அரை மணியில் காய்ந்துவிடும். எந்நேரமும் ஈரமாக இருந்தால் அது எச்சில். சின்சில்லாவுக்கு எச்சில் வடிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பல்லை.

அதற்கு மொத்தம் 20 பற்கள். இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் நாலைத்தான் நாம் பார்க்கிறோம். அவை மஞ்சளாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்கள் தேயாமல் வளர்ந்தால் முனை கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வேர்ப்பக்கமும் நீண்டு மேல்தாடையில் கண்ணை நோக்கிப் போகும். அப்போது கண்ணிலும் நீர் வடியும். பசி இருக்கும், ஆசையாக ஓடி வரும், புல்லைக் கையில் பிடிக்கும், கடித்ததும் வலிக்கும், போட்டுவிடும். நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான். வாயு என்று டாக்டர் சொன்னதும் தப்பாக இருக்க வேண்டியதில்லை. சாப்பாடு குறைந்தால் குடல் ஓட்டம் நின்று வாயு சேரத்தான் செய்யும். அந்த வாயு எதனால் வந்தது என்பதுதான் இன்னும் யாரும் கேட்காத கேள்வி. தலைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அதற்குப் பதில் கிடைக்காது.

குளிர் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றே நினைக்கிறேன். உங்கள் மாமியார் சொன்னதில் அக்கறை இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைக்கு அது சரியான பேச்சும்கூட. ஆனால் முத்துவின் முன்னோர் ஆண்டிஸ் மலைக்காரர்கள். சிலி நாட்டின் வறண்ட பாறைச் சரிவுகளில் இருப்பவர்கள். நம் தலையில் ஒரு மயிர்க்காலில் ஒன்றோ இரண்டோ முடி இருக்கும். அதற்கு ஒவ்வொரு துளையிலும் ஐம்பதுக்கும் மேலே. மார்கழி விடியலிலும் சென்னையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. முத்துவைப் பொறுத்தவரை அது குளிரே இல்லை, வருடத்தில் ராத்திரியும் விடியலும் அதற்கு இதமாக இருக்கும் சில வாரங்கள் இவைதாம். 25 டிகிரியைத் தாண்டினால்தான் ஆபத்து தொடங்குகிறது. அதற்கு வியர்க்காது. அதனால் மின்விசிறிக் காற்றால் பெரிய பயனும் இல்லை.

1923ல் மத்தையாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார். மலையிலிருந்து அவற்றைச் சட்டென்று இறக்கவில்லை. மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, அடிவாரக் காற்றுக்குப் பழக்கிப் பழக்கி இறக்கினார். கப்பலில் வெப்பம் தாக்காமல் இருக்கப் பனிக்கட்டி வைத்துக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வாரிசுகள். முத்துவும் அந்தக் கப்பலில் வந்த வம்சமாக இருக்கலாம். அதைப் போர்வைக்குள் வைத்திருக்கிறீர்கள். இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் மழைக்காலமும் மார்கழியும் அதற்குக் கெடுதல் செய்வது ஈரத்தால். ஐப்பசியிலிருந்து காற்றில் ஈரம் ஏறிக்கொண்டே போகிறது. அடர்ந்த அந்த முடிக்குள் ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை. தோல் வேகும், பூஞ்சை பிடிக்கும். ஏசியை நிறுத்தியதால் நீங்கள் குளிரைத் தடுக்கவில்லை, அந்த அறையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரே பொருளை நிறுத்திவிட்டீர்கள். டிரை மோடில் போடுங்கள். காற்று நேராகக் கூண்டில் அடிக்க வேண்டாம், அது மட்டும்தான் கவனிக்க வேண்டியது. அறைக்குள் துணி காயப்போடாதீர்கள். புல் பொட்டலத்தைத் திறந்தால் மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். நல்ல புல்லுக்கு வெயிலில் காய்ந்த வாசனை இருக்கும். புழுங்கிய நெல் மூட்டை வாசனை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வார்தா புயல். 2016 டிசம்பர் 12. அப்போது எங்களிடம் இரண்டு இருந்தன, மிளகு, கடுகு. அண்ணன் தம்பி. மதியம் ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு திறந்து, சாரல் நேராகக் கூண்டில் அடித்தது. கரண்ட் போய்விட்டது. இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், துண்டு மாற்றித் துண்டு மாற்றித் துடைத்தேன். மேலே காய்ந்தது போலத் தெரியும், முடியை விரலால் பிரித்து ஊதினால் அடியில் தோல் பளபளவென்று ஈரமாக இருக்கும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர நாலு நாள் ஆனது.

மிளகுக்கு இரண்டு வாரத்தில் மூக்கைச் சுற்றி முடி கொட்டி வட்டமாகத் தோல் தெரிந்தது. படர்தாமரை. என் மணிக்கட்டிலும் அதே வட்டம் வந்தது. அது நமக்கும் ஒட்டும், அதனால் முத்துவைத் தூக்கிய பிறகு குழந்தைகளைக் கை கழுவச் சொல்லுங்கள்.

கடுகுவின் கதை வேறு. அது தும்ம ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினேன். சளி என்று, குழந்தைகளுக்குக் கொடுப்பது போல அமாக்சிசிலின் மருந்தை வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் வேளை தவறாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. நாலாம் நாள் காலையில் கடுகு இல்லை. சின்சில்லாவின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் அதில்தான் வாழ்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவற்றை வாய்வழியே கொடுத்தால் அந்த நல்ல கிருமிகள் அழிந்து நஞ்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகிவிடும். நாய்க்கும் பூனைக்கும் தினமும் கொடுக்கிற மருந்து இது. அதனால்தான் இந்தத் தவறு சுலபமாக நடந்துவிடுகிறது. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டி வையுங்கள். எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் "இது சின்சில்லாவுக்கு ஆகுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

சரி, இப்போது ஊட்டுவது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். இவற்றுக்கு வயிறு காலியாக இருக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே குடல் நின்றுவிடும். 540ல் 60 போய்விட்டது என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில், தோசை மாவைவிடக் கொஞ்சம் நெகிழ்வாகக் கரையுங்கள். ஒரு மில்லி சிரிஞ்சு போதும். முனை அடைத்துக்கொண்டால் நுனியைக் கொஞ்சம் வெட்டி, உரசி மழுங்கச் செய்துகொள்ளுங்கள். துண்டில் சுற்றி மடியில் வையுங்கள், தலை மட்டும் வெளியே. நெஞ்சை இறுக்கக் கூடாது. குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது, நாலு காலில் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே இருக்கட்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. சிரிஞ்சைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்துக் கால் மில்லி விடுங்கள். பிறகு கையை நிறுத்துங்கள். மெல்லுகிறதா என்று பாருங்கள். தாடை அரைப்பது தெரியும், மீசை ஆடும். விழுங்கிய பிறகுதான் அடுத்த கால் மில்லி. புரை ஏறுவது அவசரப்பட்டு ஒரேயடியாகத் தள்ளினால்தான். முதல் இரண்டு வேளை துப்பும், தலையைத் திருப்பும், உங்கள் சட்டையெல்லாம் பச்சையாகும். மூன்றாம் நாள் மிளகு என்ன செய்தது தெரியுமா? இரண்டு முன்கையாலும் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எத்தனை மில்லி என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். ஆனால் இரண்டு வேளை, மூன்று வேளை என்று நிறுத்தாமல், மூன்று நாலு மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து ஊட்டுங்கள். மாமியாரைப் பகல் வேளைக்குச் சேர்த்துக்கொள்ளுங்களேன். போர்வை போட்ட கைக்கு நிச்சயம் பொறுமை இருக்கும்.

முடிந்ததும் தாடையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்துப் புழுக்கையை எண்ணுங்கள். நல்ல புழுக்கை குண்டு அரிசி போல உருண்டு, ஒரே அளவில் இருக்கும். சீரகம் போலச் சுருங்கினால் உள்ளே போவது போதவில்லை என்று அர்த்தம். எதுவுமே இல்லாமல், வயிறு தட்டினால் மேளம் போல இருந்தால் அடுத்த ஆட்டோவைப் பிடியுங்கள்.

குளிரைப் பற்றிச் சொன்னதில் ஒரு விலக்கு இருக்கிறது. நாள்கணக்கில் சாப்பிடாமல் துவண்டு போன சின்சில்லாவால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. காதைத் தொட்டுப் பாருங்கள். காது சில்லென்று இருந்து, ஆளும் அசையாமல் சுருண்டு கிடந்தால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைப் பருத்தித் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். வேண்டுமென்றால் வந்து ஒட்டிக்கொள்ளும், போதும் என்றால் விலகிப் போக இடம் இருக்க வேண்டும். இன்னொரு மூலையில் கடப்பாக் கல் துண்டு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். காது சிவந்து சூடாக இருந்தால் அது இதற்கு நேர்மாறான ஆபத்து.

சின்சில்லா தூளில் புரண்டு முடியைச் சுத்தம் செய்துகொள்ளுமே, அந்த மண் குளியலை உடம்பு சரியாகும்வரை குறைத்துக்கொள்ளுங்கள். தும்மலோ கண்ணில் நீரோ இருந்தால் முழுக்க நிறுத்திவிடுங்கள். எரிமலைச் சாம்பல் தூள் கிடைக்கவில்லை என்று மெரினா மணலைச் சலித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முடிக்குள் இறங்காது, உப்பும் ஈரமும்தான் மிச்சம். அப்புறம், வந்து பார்க்கிற உறவினர்கள் "பாவம், ஒன்றும் சாப்பிடலையே" என்று உலர் திராட்சை, முந்திரி, பிஸ்கட் நீட்டுவார்கள். மென்மையாக இருப்பதால் முத்துவும் வாங்கிக்கொள்ளும். வயிறு அதைத் தாங்காது. கூண்டைப் படுக்கையறைக்கு மாற்றிவிடுங்கள், சண்டை வராது.

எக்ஸ்ரேக்கு எங்கே போவது? முயல், கினி பன்றி போன்ற சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் வேண்டும். போன் செய்து அதைக் கேட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, 1903ல் தொடங்கிய கல்லூரி, அங்கேயும் விசாரியுங்கள். வளர்ந்த பல்லை ராவித் தேய்த்துக் குறைக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். முதல் நாள் ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் மறுபடி கேளுங்கள். இவற்றால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாயைப் போல நீண்ட பட்டினி தேவையில்லை, ஆபத்தும்கூட. வலி மருந்தையும் கேட்டு வாங்குங்கள். வலி இருக்கும்வரை குடல் நகராது.

மிளகுக்கு 2019ல் இதே பல் தொல்லை வந்தது. அப்போதும் மார்கழி, நானும் பனி என்று நினைத்து ஆறு நாள் வீணாக்கினேன். பல்லைத் தேய்த்த பிறகு நாலு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது. இந்த நோய் முழுக்கக் குணமாகும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் இரண்டரை வருடம் இருந்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் கூண்டுக் கம்பியைக் கடித்து என்னைக் கூப்பிடுகிறவனாகவே இருந்தான்.

பாவமா என்று கேட்டீர்கள். சென்னையில் புதிதாகச் சின்சில்லா வாங்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காத வீட்டில், அக்னி நட்சத்திரத்தில் இரண்டு மணி நேரக் கரண்ட் கட் போதும். நீங்கள் வாங்கவில்லை நந்தினி. கைவிடப்பட இருந்த ஒன்றை ஏற்றுக்கொண்டீர்கள். நல்லபடியாக வளர்த்தால் பதினைந்து வருடம்கூட இருக்கும் பிராணி அது, இன்னும் பாதிக் காலம் பாக்கி இருக்கிறது. ஃப்ரீசரில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை இப்போதே உறைய வைத்துவிடுங்கள், சித்திரைக்கு உதவும்.

480 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊட்டும் முன் எடுத்ததா, பிறகா? சமையலறைத் தராசில் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்து, தினமும் காலையில் முதல் வேளை ஊட்டுவதற்கு முன் எடுங்கள். நாளைக்கு எடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.