கீமோவில் கட்டி கரைந்த பிறகும் கதிர்வீச்சு எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. டான்சிலில் 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்' லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், முதல் நிலை. மூன்று சுற்று கீமோதெரபியிலேயே கட்டி கரைந்துவிட்டது. இப்போது கதிர்வீச்சு வேண்டும் என்கிறார்கள். தொண்டைப் புற்றுநோய்க்கு அதைப் பெற்ற உறவினர் பட்ட பாட்டைப் பார்த்த அப்பா மறுக்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: நீங்களாக விட்டுவிடாதீர்கள். கீமோதெரபியை மூன்று சுற்றோடு நிறுத்தியதே, கதிர்வீச்சும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையாகும் என்ற கணக்கில்தான். அப்பா உறுதியாக மறுத்தால், அதற்கு ஈடாகக் கூடுதல் சுற்றுகள் தர இயலுமா என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

உங்கள் உறவினருக்கு வந்தது வேறு நோய். தொண்டைப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை ஏழு வாரங்கள் தருவார்கள். கீமோவில் கரைந்த லிம்போமாவுக்குப் பெரும்பாலும் 30 கிரே அளவே போதும், மூன்று, நான்கு வாரங்களில் முடிந்துவிடும். வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற பிளாஸ்டிக்கை முகத்தில் படியவைத்து முகமூடி செய்வார்கள். அதை அணிந்து தினமும் சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வாய் உலரும், ருசி குறையும். ஆனால் உறவினர் பட்ட அளவுக்குத் துன்பம் பொதுவாக இராது.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். மூக்கினுள் வரும் 'என்கே டி செல்' என்ற வேறு வகை லிம்போமாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குக் கதிர்வீச்சே முதன்மை, அளவும் 50 கிரே அல்லது அதற்கு மேல், மருந்துகளும் வேறு. லிம்போமா என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு மற்றவரின் சிகிச்சைத் தாளோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

என்னை அதிகம் வருத்துவது பல் விஷயம். கதிர்வீச்சுக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். ஆகவே சொத்தைப் பற்களை முன்கூட்டியே எடுத்து, புண் ஆற இரண்டு, மூன்று வாரங்கள் விட வேண்டும். இதை முகமூடி செய்யும் நாளில் சொல்லி என்ன பயன்? ஒரு துறை மற்றொன்றிடம் சொல்லியிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ள, நோயாளி கடைசியில் தவிக்கிறார். நாளையே பல் மருத்துவரைப் பாருங்கள்.

கதிர்வீச்சே இல்லாமல் குணப்படுத்துவதாகப் பொடியும் கஷாயமும் விற்கும் தரகர்கள் மருத்துவமனை வாசலிலேயே நிற்பார்கள். கட்டி கரைந்திருக்கும் இந்த நேரம்தான் அவர்களுக்கு வசதி, ஏனென்றால் கீமோ செய்த வேலைக்குத் தங்கள் பொடியைக் காரணம் காட்டலாம். அவர்களிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், அசல் பயாப்ஸி அறிக்கையையும் கொடுக்காதீர்கள்.