கிராபிக்ஸ் கார்டு நிறுவனம் சந்தையை விட்டுப் போகிறதாம்: என் வாரண்டி என்ன ஆகும்?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவள் நான். ஏழு மாதங்களுக்கு முன் மூன்று ஆண்டு வாரண்டியுடன் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். வேலை கூடியதால் அதே நிறுவனத்தின் இன்னொரு கார்டுக்கு ஆர்டர் கொடுத்து, முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். அது இன்னும் வந்து சேரவில்லை. இதற்கிடையில் அந்த நிறுவனம் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுவிடப் போவதாக இரண்டு வாரமாகப் பேச்சு அடிபடுகிறது. நிறுவனம் வாய் திறக்கவில்லை. ஆர்டரை ரத்து செய்யக் கேட்டால், "விற்ற பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது" என்கிறார் கடைக்காரர். முதல் கார்டின் விசிறியும் இப்போது லேசாக உரசத் தொடங்கியிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: கடைசியில் சொல்லியிருக்கும் விசிறிச் சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அதற்குத்தான். இன்றே வாரண்டி கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். "இன்னும் ஓடுகிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். சத்தம் கேட்கும்படி ஒரு வீடியோ எடுங்கள். கார்டின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுங்கள். பில்லை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். விசிறியை நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். கோரிக்கைக்குக் கிடைக்கும் பதிவு எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்? வாரண்டி அட்டையின் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். பழுது பார்ப்போம், அல்லது அதே பொருளையோ அதற்கு இணையான பொருளையோ தருவோம், இரண்டும் இயலாவிட்டால் தேய்மானம் கழித்துப் பணம் தருவோம் என்று பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். எந்த வழி என்று தீர்மானிக்கும் உரிமையை நிறுவனம் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கும். ஒரு நிறுவனம் தயாரிப்பை நிறுத்தினால் வாரண்டி செத்துவிடுவதில்லை, ஆனால் மாற்றிக் கொடுக்கும் இருப்பு கரையும். இருப்புத் தீர்ந்த பிறகு போகிறவருக்குப் புதுப்பிக்கப்பட்ட பழைய கார்டோ தேய்மானம் கழித்த தொகையோதான் மிஞ்சும். அந்தத் தொகையில் அதே திறனுள்ள கார்டு வாங்க முடியாமல் போகலாம். உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான நஷ்டம் இங்கேதான்.

இனி வதந்திக்கு வருகிறேன். "கம்பெனி போகிறது" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒரு பொருளை மட்டும் கைவிடுவது முதலாவது. அந்தத் தொழிலை வேறொருவருக்கு விற்பது இரண்டாவது. நிறுவனமே நொடித்துப் போவது மூன்றாவது. முதல் நிலையில் நிறுவனம் உயிரோடு இருக்கிறது, எழுத்தில் கொடுத்த வாரண்டி அதைக் கட்டுப்படுத்தும். 2022 செப்டம்பரில் இவிஜிஏ நிறுவனம் கிராபிக்ஸ் கார்டு தொழிலிலிருந்து விலகியபோது, விற்ற கார்டுகளின் வாரண்டியைத் தொடர்ந்து மதிப்பதாக அறிவித்தது. 2025 டிசம்பரில், கணினி நினைவகம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் க்ரூசியல் என்ற பெயரில் நடத்திவந்த நுகர்வோர் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தபோதும் அதே உறுதியைக் கொடுத்தது. இரண்டாவது நிலையில், விற்பனை ஒப்பந்தத்தில் வாரண்டிப் பொறுப்பை யார் ஏற்றார் என்று பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள் இருவரும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாட்டால் உங்களுக்குக் கொடுத்த வாக்கு தானாக அழிந்துவிடாது. மூன்றாவதுதான் ஆபத்து. நொடித்த நிறுவனத்திடம் வாரண்டி கேட்பவர், அடமானம் ஏதும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையின் பின்பகுதியில் நிற்க வேண்டியிருக்கும். அப்போது உங்களுக்குத் துணை, பில்லில் பெயர் இருக்கும் கடைக்காரர்தான்.

நிறுவனமே வாய் திறந்து சொன்னதும்கூட மாறலாம். 2011 ஆகஸ்ட்டில் ஹெச்பி தன் கணினிப் பிரிவைப் பிரித்துவிட ஆலோசிப்பதாக அறிவித்தது. அக்டோபரில் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, யாரோ சொன்ன பேச்சை நம்பி ஓர் ஒப்பந்தத்தை முறித்தால், முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். பணம் திரும்பக் கேட்கும் இடத்திலிருந்து நஷ்டஈடு கொடுக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடுவீர்கள்.

ஆகவே, வதந்தியை மட்டும் காரணம் காட்டி ஆர்டரை ரத்து செய்ய முடியாது. கெடு வருவதற்கு முன்பே ஒருவர் "நான் செய்ய மாட்டேன்" என்று மறுத்தால் அப்போதே வழக்குத் தொடுக்கலாம் என்பது 1853-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஹாக்ஸ்டர் வழக்கில் நிலைநாட்டிய விதி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 39-ஆம் பிரிவும் அதே வழியில்தான் போகிறது. ஒருவர் மறுத்துவிட்டாலோ, தன்னால் செய்ய முடியாத நிலையை உண்டாக்கிக்கொண்டாலோ மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். உங்கள் கடைக்காரர் இன்னும் மறுக்கவில்லை. பேச்சு உண்மையாகவே இருந்தாலும், கையிருப்பிலுள்ள கார்டை அவரால் கொடுக்க முடியும்.

அதற்காகக் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத்தில், 2-609 என்ற பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. எதிர்த்தரப்பு சொன்னபடி செய்யுமா என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், எழுத்தில் உறுதி கேட்கலாம். நியாயமான காலத்துக்குள், அதிகபட்சம் 30 நாட்களுக்குள், தகுந்த உறுதி வராவிட்டால் அதையே மறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். வேறு நாடுகளில் இந்த உரிமை இதே வடிவில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இப்படி ஒரு கடிதம் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. பதிலும் சரி, மௌனமும் சரி, நாளைக்குச் சாட்சியாகும். கடைக்காரருக்கு இப்படி எழுதுங்கள்:

"இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள ஆர்டருக்கு முழுத் தொகையும் செலுத்தியுள்ளேன். இந்த மாடலின் தயாரிப்பு நிறுத்தப்படுமா என்பது குறித்து உங்களுக்குத் தயாரிப்பாளரிடமிருந்தோ விநியோகஸ்தரிடமிருந்தோ தகவல் ஏதும் வந்திருக்கிறதா? பொருள் எந்தத் தேதிக்குள் வரும்? மூன்று ஆண்டு வாரண்டியை யார், எங்கே நிறைவேற்றுவார்கள்? 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்."

முதல் கேள்விதான் இதில் முக்கியம். தெரிந்துகொண்டே "அப்படி எதுவும் இல்லை" என்று அவர் எழுதிக் கொடுத்து, அதை நம்பி நீங்கள் பொருளைப் பெற்றால், பின்னாளில் அது பொய்யுரை என்று வாதாட இடம் கிடைக்கும். போனில் கேட்காதீர்கள். சொன்ன தேதிக்குள் பொருள் வராவிட்டால், "பணம் திரும்பக் கிடையாது" என்ற வாசகம் அவரைக் காப்பாற்றாது. கொடுக்காத பொருளுக்குப் பணத்தை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதைப் பொறுத்து ஒரு பெரிய வித்தியாசம் வரும்: சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோரா, வணிகரா? இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை வெளியே நிறுத்துகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. வீட்டிலிருந்து தனியாக எடிட்டிங் செய்யும் உங்களுக்கு அந்த விலக்கு நன்றாகவே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளில் உள்ள குறைக்கு விற்றவரே குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பு. ஆனால் தொழிலுக்காக வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். பிரிட்டனிலும் வாங்கியதன் முக்கிய நோக்கம் தொழிலா, சொந்த உபயோகமா என்றுதான் பார்ப்பார்கள். அங்கெல்லாம் பொதுவான ஒப்பந்தச் சட்டத்தையும் சரக்கு விற்பனைச் சட்டத்தையும் நம்பித்தான் வழக்காட வேண்டியிருக்கும். பில் உங்கள் பெயரில் இருக்கிறதா, தொழிற்பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். கார்டைத் தயாரித்த நிறுவனம் வேறு, அதற்குள் இருக்கும் சிப்பைச் செய்த நிறுவனம் வேறு என்றால், கார்டைக் கணினியோடு இயங்கவைக்கும் டிரைவர் மென்பொருள் சிப் நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது. கார்டு நிறுவனம் கடையைக் கட்டினாலும் உங்கள் எடிட்டிங் மென்பொருள் நாளைக்கே நின்றுவிடாது.

14 நாட்களில் பதில் வராவிட்டால், கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் சர்ச்சைக் கோரிக்கை கொடுக்கலாம். அதற்கான கெடு குறுகியது, வங்கியிடம் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தை அணுக, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கடைக்காரர் பதில் எழுதினால், அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், வாரண்டி அட்டையின் இரு பக்கங்களையும் சேர்த்து.